பெங்களூரில் 'மாடு' என்றால் ஏன் மாடு இல்லை?

மதுரையிலிருந்து பெங்களூருக்கு வேலைக்கு வந்திருக்கும் ஓர் இளைஞரின் கேள்வி இது. பஸ்ஸில் கண்டக்டர் ஓயாமல் "அட்ஜஸ்ட் மாடி" என்கிறார். அலுவலகத்தில் "கால் மாடு" (ஃபோன் செய்), "ஊட்டா மாடு" (சாப்பிடு) என்கிறார்கள். நமக்கு மாடு கால்நடை, மாடி மேல்தளம். கன்னடத்திலோ இரண்டுமே 'செய்' என்பதன் வடிவங்கள். ஒரே சொல்தான் இப்படிப் பிரிந்துபோனதா? அறை நண்பர் ஒருவர் "கன்னடமே சிதைந்த தமிழ்தானே" என்றாராம். இன்னொருவர் "இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது" என்றாராம். இதில் யார் சொல்வது சரி, தமிழை வைத்துக்கொண்டே கன்னடத்தை ஊகித்து ஓட்டிவிட முடியுமா என்று கேட்கிறார்.

இரண்டு நண்பர்களுமே தவறு. நான் பெங்களூரின் அலசூர்ப் பகுதியில் வளர்ந்தவன். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம், பிறகு பல ஆண்டுகள் இந்த இரண்டு மொழிகளுக்கும் நடுவே மொழிபெயர்ப்பு வேலை. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: இரண்டு மொழிகளில் ஒரு சொல் அச்சு அசலாக ஒன்றுபோல் ஒலித்தால் முதலில் சந்தேகப்படுங்கள். உறவுள்ள சொற்கள் பெரும்பாலும் முகம் மாறித்தான் இருக்கும். மாறியிருப்பதிலும் ஓர் ஒழுங்கு இருக்கும். அந்த ஒழுங்குதான் சாட்சி, ஒலி ஒற்றுமை அல்ல.

முதலில் மாட்டை அவிழ்த்துவிடுவோம். கன்னட 'மாடு' வினைச்சொல். தமிழ் 'மாடு' பெயர்ச்சொல். அதற்கும் பழைய பொருள் செல்வம். "கேடில் விழுச்செல்வம் கல்வி யொருவற்கு மாடல்ல மற்றை யவை" என்பது 400ஆவது குறள். அங்கே மாடு என்றால் சொத்து. கால்நடைதான் சொத்தாக இருந்த காலத்தில் ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குச் சொல் நகர்வது இயல்பு. லத்தீனிலும் 'பெக்கூஸ்' என்ற கால்நடையிலிருந்துதான் 'பெக்கூனியா' என்ற பணம் வந்தது. அலசூர் ஏரிக்கரையில் நிற்கும் வள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடிக் கிடந்து 2009 ஆகஸ்ட் 9 அன்றுதான் திறக்கப்பட்டது. அந்தச் சிலைக்கு முன்னால் நின்று இந்தக் குறளைச் சொன்னால், தமிழ் தெரியாத கன்னடக்காரர் 'ஏதோ செய்யச் சொல்கிறார்' என்று நினைப்பார். இரண்டு மாடுகளும் வெவ்வேறு வேர்கள். இடம் ஒன்று, ஒலி ஒன்று, உறவு இல்லை.

சரி, தமிழ்ச் 'செய்'க்குக் கன்னடத்தில் உண்மையான உறவுச்சொல் எது? பழைய கன்னடத்தில் 'கெய்'. அதற்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன், நீங்கள் தினமும் கடந்துபோகும் பெயர்ப்பலகைகளைப் பார்க்க வேண்டும்.

மாரத்தஹள்ளி, பொம்மனஹள்ளி என்று எத்தனை ஹள்ளிகள்! ஹள்ளி என்றால் கிராமம். இது நம் 'பள்ளி'. கன்னடத்தில் சொல்லின் முதலில் நின்ற ப ஒலி ஹ ஆகிவிட்டது. 10ஆம் நூற்றாண்டில் கன்னடக் கவிஞர் பம்பன் காவியம் எழுதியபோது ப அப்படியே இருந்தது. அடுத்து வந்த சில நூற்றாண்டுகளில் மெல்ல மெல்லத் தேய்ந்தது. பால் ஹாலு ஆனது. பல் ஹல்லு, புலி ஹுலி, பத்து ஹத்து, பூ ஹூ, பணம் ஹண, பெண் ஹெண்ணு. ஒன்றிரண்டு சொற்களில் நடந்தால் தற்செயல் எனலாம், இது வரிசையாக நடந்திருக்கிறது. வடமொழிப் 'பசு'கூட இதில் மாட்டிக்கொண்டு 'ஹசு' ஆகிவிட்டது. மாற்றம் தொடங்குவதற்கு முன்பே கன்னடத்துக்குள் வந்து ஊர்க்காரனாகிவிட்ட சொல் அது. போலீஸ் பிறகு வந்தது. அதனால் போலீஸ் போலீஸாகவே இருக்கிறது, யாரும் ஹோலீஸ் என்பதில்லை. ஒரு சொல் எப்போது உள்ளே வந்தது என்பதை இப்படியும் மோப்பம் பிடிக்கலாம்.

எங்கள் அலசூரும் இதே கதைதான். கன்னடத்தில் ஹலசூரு. ஹலசு என்றால் பலா; பலா மரங்கள் நிறைந்த இடம் என்று ஊர்ப்பெயருக்குக் காரணம் சொல்வார்கள். ப ஒலி ஹ ஆனது. தமிழ் வாய்க்கு அந்த ஹ ஒட்டவில்லை, அதையும் உதிர்த்துவிட்டோம். அலசூர் என்கிறபோது அதில் பலாவின் முதல் எழுத்தே இல்லை.

பள்ளிக்குத் திரும்புவோம், ஏனென்றால் இந்த ஒரு சொல்லில்தான் உங்கள் கேள்விக்கு முழுப் பதிலும் இருக்கிறது. உங்கள் மதுரைக்குப் பக்கத்தில் மாங்குளம் மலைக் குகையில் தமிழ் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழையது, நெடுஞ்செழியன் பெயரே அதில் வருகிறது. சமணத் துறவிக்குக் கொடுக்கப்பட்ட உறைவிடத்தை அது 'பளிஇய்' என்கிறது. படுக்கும் இடம், தங்கும் இடம், அதனால் துறவிகள் உறையும் இடம். பள்ளிகொள்வது, பள்ளியறை, திருப்பள்ளியெழுச்சி எல்லாம் படுக்கையை விடவில்லை. துறவிகள் தங்கிய இடத்தில் பாடம் நடந்தது. பள்ளி, பள்ளிக்கூடம் ஆனது. வழிபாடு நடந்தது, தமிழில் மசூதி பள்ளிவாசல் ஆனது, மலையாளத்தில் மசூதியும் பள்ளி, கிறிஸ்தவ தேவாலயமும் பள்ளி. கன்னடத்தில் ஹள்ளியும் தெலுங்கில் பல்லெயும் வெறும் மக்கள் தங்கும் இடமாகவே நின்று கிராமம் என்ற பொருளைப் பிடித்துக்கொண்டன. நம்மிடமும் திருச்சிராப்பள்ளி போன்ற பெயர்களில் அந்த ஊர்ப் பொருள் தங்கியிருக்கிறது. ஒரு கேரள நண்பர் ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்குப் போனேன் என்றால், ஆந்திர நண்பர் பண்டிகைக்குப் பல்லெக்குப் போகிறேன் என்றால், உங்கள் அக்கா மகள் பள்ளிக்குப் போகிறாள் என்றால், மூன்று பேரும் ஒரே சொல்லைத்தான் சொல்கிறார்கள். இதுதான் உண்மையான 'ஒரே சொல், வெவ்வேறு பொருள்'.

இதற்குப் பக்கத்திலேயே ஒரு பொறி இருக்கிறது. சுவரில் ஊரும் பல்லி கன்னடத்தில் ஹல்லி. அதே ப, ஹ மாற்றம்தான். ஆனால் ல வேறு, ள வேறு. ஆங்கிலப் பலகையில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதுவதால், வடக்கிலிருந்து வருகிறவர்கள் உச்சரிக்கும்போது மாரத்தஹள்ளி பல்லியாகிவிடுகிறது. கன்னடக்காரர்கள் பொறுமைசாலிகள்.

ப ஒலி ஹ ஆனது போல, வ ஒலியும் மாறியது. 'பம்பரம்' என்று சொல்லும்போது நடுவில் வரும் ப இருக்கிறதே, அந்த ஒலிதான் கன்னடத்தில் நம் வ இருக்கும் இடங்களில் உட்கார்ந்திருக்கிறது. வாய் பாயி, வாழை பாளெ, வெண்ணெய் பெண்ணெ, வெல்லம் பெல்ல, வில் பில்லு, வேர் பேரு. அதனால் 'வா' என்பது 'பா'. நமக்குப் பா என்றால் பாட்டு, செய்யுள். கன்னடக்காரர் "பா, பா" என்றால் உங்களைக் கவிதை பாடச் சொல்லவில்லை. ஊர்ப்பெயருக்குச் சொல்லப்படும் 'பெந்த காளூரு' கதையிலும் இந்த மாற்றம் இருக்கிறது. பெந்த என்றால் வெந்த, காளு என்றால் பயறு. வழி தவறிய ஹொய்சள மன்னன் வீரபல்லாளனுக்குக் கிழவி ஒருத்தி வெந்த பயறு கொடுத்தாளாம். கதை அழகுதான். ஆனால் அந்த மன்னனுக்கு முன்பே, 9ஆம் நூற்றாண்டு பேகூர்க் கல்வெட்டில் பெங்களூர் என்ற பெயர் வந்துவிட்டது. பயற்றை அவித்தவள் தாமதமாகத்தான் வந்திருக்கிறாள்.

இதே 'வா' தெலுங்கில் 'ரா'. பார்த்தால் துளியும் ஒட்டவில்லை, இல்லையா? வா என்பதோடு வரு, வருகிறேன் என்ற வடிவங்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். தெலுங்கில் சில சொற்களின் முதல் உயிரொலியும் அடுத்த மெய்யும் இடம் மாறும். வர என்பது வ்ரா என்று நெருங்கி, முன்னால் நின்ற வ உதிர்ந்து ரா மிஞ்சியது. வா, பா, ரா மூன்றும் உடன்பிறப்புகள். ஆனால் தமிழ் 'பா'வும் கன்னட 'பா'வும் அந்நியர்கள். தமிழில் இரவைக் குறிக்கும் 'ரா'வும் தெலுங்கு 'ரா'வும் அந்நியர்கள். ஒன்றுபோல் ஒலிப்பவை உறவில்லை, ஒலிக்காதவை உறவு.

இனி 'சிதைந்த தமிழ்' என்ற நண்பருக்கு வருகிறேன். இந்தப் பேச்சைத் தமிழர் கூடும் இடங்களில் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டேன். மேலே சொன்ன மாற்றங்களில் பழையதைக் காத்தது தமிழ், மாறியது கன்னடம் என்பது உண்மை. அதோடு நிறுத்திவிட்டு மார்தட்டுவதுதான் கோளாறு. எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். செவி கன்னடத்தில் கிவி. சேரி கேரி. செம்மை, சிவப்பு என்கிற வேர் அங்கே கெம்பு. செய் என்பது கெய். இங்கே பழைய ஒலி க. இ, எ போன்ற உயிர்களுக்கு முன்னால் அதைச் ச ஆக்கிக்கொண்டது நாம். 1537இல் இந்த நகரத்தை அமைத்த கெம்பேகவுடரின் பெயரில் இருப்பது நம் 'செம்'தான், நம்மைவிடப் பழைய உருவில். நாட்டியக்காரர்கள் அணியும் கெம்புக்கல் நகையை நினைத்துக்கொள்ளுங்கள். செம்பு, கெம்பு இரண்டும் ஒரே வேர். ஒன்று நம்முடையது, இன்னொன்று அந்தப் பக்கத்து உருவம் நம் நகைப்பெட்டிக்குள் வந்தது. தாயிடமிருந்து மகள் கெட்டுப்போனாள் என்பதற்கு இங்கே இடமில்லை. ஒரே வீட்டில் பிறந்த சகோதரிகள் பாட்டியின் நகைகளை ஆளுக்குச் சில என்று காப்பாற்றி, மற்றதை உருக்கிப் புதிதாகச் செய்துகொண்டார்கள். எல்லிஸ் 1816லும் கால்டுவெல் 1856லும் இந்தத் திராவிட மொழிக் குடும்பத்தை நிறுவியபோது அவர்கள் கையில் இருந்த சான்று இத்தகைய ஒழுங்குதான்.

'சம்பந்தமே இல்லை' என்ற நண்பருக்கு இதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது குட்டிச் சொற்கள். நன்னூல் தமிழில் 42 ஓரெழுத்து ஒருமொழிகளைச் சொல்கிறது. ஆ என்றால் பசு, ஈ என்றால் பறக்கும் ஈயும் கொடு என்பதும், கா என்றால் சோலை, நா என்றால் நாக்கு. உலகின் எந்த மொழியை எடுத்தாலும் நா, மா, தா போன்ற எளிய அசைகள் அநேகமாக இருக்கும். அவற்றுக்கு ஏதாவது ஒரு பொருளும் இருக்கும். அசைகளோ குறைவு, பொருள்களோ ஆயிரக்கணக்கில். மோதல் நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். நா தமிழில் நாக்கு, கன்னடப் பேச்சில் நான், தெலுங்கில் என்னுடைய, இந்தியில் இல்லை என்பதும் 'சலோ நா' என்று கெஞ்சலாக ஒட்டிக்கொள்ளும் வாலும். இவற்றில் கன்னடமும் தெலுங்கும் நம் 'நான்' குடும்பம். இந்தி நா நமக்கு ஒன்றுமில்லை.

கொரிய மொழியிலும் நா என்றால் நான். பேச்சில் நீ என்றால் நீ. அப்பா என்றால் அப்பா. இதை வைத்து வரும் காணொளிகள் உங்களுக்கும் வந்திருக்கும். இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905லேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு நூல் வெளியிட்டார். மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்கவில்லை. ஏன் என்று நீங்களே சோதிக்கலாம். கண், கை, நீர், கல் என்ற நான்கை எடுங்கள். கன்னடத்தில் கண்ணு, கை, நீரு, கல்லு. கொரிய மொழியில் நுன், சொன், முல், தொல். சீன மொழியிலும் நீ என்றால் நீ. அதனால் பீகிங்கில் நமக்குச் சித்தப்பா இருக்கிறார் என்று ஆகிவிடாது.

பொருளும் ஒலியும் சேர்ந்தே ஒத்துப்போய் ஏமாற்றிய கதை ஒன்று மொழியியல் வகுப்புகளில் சொல்வார்கள். ஆஸ்திரேலியாவின் வட குயின்ஸ்லாந்தில் ம்பாபரம் என்று ஒரு மொழி. அதில் நாய்க்குப் பெயர் 'டாக்'. ஆங்கிலேயரிடம் கடன் வாங்கியதில்லை. அக்கம்பக்கத்து மொழிகளில் நாய்க்கு 'குடகா' என்பார்கள். அந்தச் சொல் முன்னும் பின்னும் தேய்ந்து இந்த மொழியில் டாக் ஆகிவிட்டது. அதை ஆராய்ந்த மொழியியலாளர் டிக்சன், ஆங்கிலத்தில் நிறுத்தாமல் பக்கத்து மொழிகளைப் பார்த்ததால் தப்பித்தார். பாரசீகத்தில் 'பத்' என்றால் கெட்ட. ஆங்கில 'பேட்' அதற்கு உறவில்லை.

உறவுப்பெயர்கள் தனி ரகம். குழந்தையின் வாயில் முதலில் வருவது மா, பா, தா. அதைப் பெரியவர்கள் தங்களுக்கு என்று எடுத்துக்கொள்கிறார்கள். மொழியியலாளர் ரோமன் யாகப்சன் இதை விளக்கியிருக்கிறார். யாருக்கு எந்தச் சொல் என்பது மட்டும் மொழிக்கு மொழி மாறும். ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா, 'தேதா' என்றால் அம்மா. நம் தாத்தா சிங்களத்தில் அப்பா. ஐயா அங்கே அண்ணன். இந்தியில் தாதா அப்பாவின் அப்பா, வங்காளத்தில் அண்ணன், மும்பைத் தெருவில் ரவுடி. அவ்வா கன்னடத்தில் அம்மா, தெலுங்கில் பாட்டி. நமக்கு ஔவை கையில் தடியோடு நிற்கிறார். பெங்களூரில் பக்கத்து வீட்டுக் குழந்தை அவ்வா என்று யாரைக் கூப்பிடுகிறது என்பதைப் பார்த்துவிட்டு வணக்கம் சொல்லுங்கள்.

சில குழப்பங்களுக்கு மொழி காரணமே இல்லை, நம் எழுத்துதான் காரணம். 'பேடா' என்று எழுதிப் பாருங்கள். அது தார்வாடு இனிப்பும் ஆகும். 'வேண்டாம்' என்ற கன்னடச் சொல்லும் ஆகும். ஒலியில் முதல் எழுத்து இரண்டுக்கும் வேறு, நம் எழுத்து அதைக் காட்டாது. இனிப்புக்கடைக்காரர் உங்களுக்குப் பேடா வேண்டாமா என்று கேட்டால், தமிழ் எழுத்தில் அது "பேடா பேடவா?" கன்னட 'பேட' என்பது நம் 'வேண்டா'வேதான், அதே வ மாற்றம். 'காலி' இன்னும் மோசம். வீடு காலி என்பதில் இருப்பது அரபியிலிருந்து உருது வழியாக வந்த, வெறுமை என்று பொருள்படும் சொல். 'தங்கம்' என்பதில் வரும் க ஒலியோடு தொடங்கினால் இந்தியில் வசவு. சாதாரணக் க என்றால் இந்தியில் கறுப்பு நிறப் பெண்பால். தமிழிலோ காலி என்றால் போக்கிரி, 'கன்றுகாலி' என்றால் மாட்டுக்கூட்டம். மாடு மறுபடியும் வந்துவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்த குட்டிச் சொல் 'இல்'. பழந்தமிழில் அது வீடு. இல்லம், இல்லாள் அதிலிருந்து. அது இன்மையும்கூட, இல்லை அதிலிருந்து. 'வீட்டில்' என்கிறபோது இடத்தைக் காட்டும் உருபும் அதுவே. வீடு என்ற பொருளைத் தெலுங்கு 'இல்லு' என்று இன்றும் தினசரிப் பேச்சில் வைத்திருக்கிறது. இன்மையைக் கன்னடம் 'இல்ல' என்று வைத்திருக்கிறது. 'இல்லி' என்றால் இங்கே. "இல்லி இல்ல" என்று வாட்ச்மேன் சொன்னால் நீங்கள் தேடுகிறவர் அங்கே இல்லை. வள்ளுவர் இந்த இரட்டைப் பொருளை வைத்தே விளையாடியிருக்கிறார்: "இல்லதென் இல்லவள் மாண்பானால் உள்ளதென் இல்லவள் மாணாக் கடை". மனைவி சிறந்தவளாக இருந்தால் வீட்டில் இல்லாதது என்ன என்கிறார். இல்லது, இல்லவள் இரண்டையும் பக்கத்தில் நிறுத்திவிட்டு.

ஊகித்து ஓட்ட முடியுமா என்று கேட்டீர்கள். உடல் உறுப்பு, எண்கள், பால், பூ, புலி, மழை, மரம் போன்றவற்றில் தைரியமாக ஊகியுங்கள். ப வந்தால் ஹ, வ வந்தால் பம்பரத்து ப. வடமொழிச் சொற்களில் ஊகிக்காதீர்கள், அங்கேதான் படித்தவர்கள் விழுகிறார்கள். அவசரம் நமக்கும் கன்னடத்துக்கும் வேகம், தெலுங்கில் தேவை, இந்தியில் வாய்ப்பு. உபன்யாசம் நமக்குக் கோயில் மண்டபத்துச் சொற்பொழிவு, இந்தியில் நாவல், கன்னடத்தில் உபன்யாசகர் என்றால் கல்லூரி விரிவுரையாளர். தர்ஷினி என்கிற, நின்றுகொண்டே சாப்பிடும் பெங்களூர் உணவகத்தில் சாம்பார் ஊற்றுகிறவர் "சாகா?" என்றால் மிரள வேண்டாம், போதுமா என்கிறார். தெலுங்கில் சாலு, பழந்தமிழில் சாலும், கன்னடத்தில் சாகு.

கடைசியாக, மாடு என்ற சொல்லை எல்லோரிடமும் பயன்படுத்தாதீர்கள். அது நம் 'செய்' போல ஒருமை, நண்பனிடம் சொல்லலாம். கண்டக்டரிடமும் வீட்டுக்காரரிடமும் வயதில் மூத்தவர்களிடமும் 'மாடி' என்று சொல்லுங்கள், அதுதான் 'செய்யுங்கள்'. அதேபோல் 'பா' என்பதற்குப் 'பன்னி'. வாருங்கள் என்று பொருள். அதையும் தமிழ்க் காதால் கேட்டுக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.